கடைக் கணினிக்குள் தூரத்திலிருந்து போவது: விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றுக்கும்

மட்டக்களப்பு கல்லடியில் ஓர் அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். முன்மேசையில் பில் போடும் விண்டோஸ் கணினி. உள்ளறையில் கல்யாணக் கார்டும் பதாகையும் வடிவமைக்கும் மக். மூலையில் பழைய பெட்டியொன்றில் லினக்ஸ் ஏற்றி, எல்லாக் கோப்புகளையும் அதில் சேமிக்கிறார்கள். கணக்குப் பார்ப்பவர் ஏறாவூரில் இருக்கிறார். வடிவமைப்பாளர் அடைமழைக் காலத்தில் களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தே வேலை செய்ய விரும்புகிறார். முதலாளியின் தம்பி டோஹாவில் இருந்துகொண்டு மாதக் கணக்கைப் பார்க்கக் கேட்கிறார். மூன்று கணினி, மூன்று ஊர், மூன்று விதமான தேவை.

இதற்கு வழிகள் மூன்று வகை. முதலாவது, திரையையே தூரத்துக்குக் கொண்டுபோவது. விண்டோஸில் இதை ரிமோட் டெஸ்க்டொப் செய்கிறது. மக்கில் ஸ்கிரீன் ஷெயாரிங். இரண்டாவது, திரை இல்லாமல் கட்டளைகளை மட்டும் அனுப்புவது. அது எஸ்எஸ்எச், 1995இல் பின்லாந்தில் பிறந்தது, லினக்ஸ்காரர்களின் அன்றாடப் பாதை, இன்று விண்டோஸிலும் மக்கிலும் கிடைக்கிறது. மூன்றாவது எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போன்றவை. இவற்றில் இரு பக்கமும் நடுவிலுள்ள ஒரு சேர்வர் மூலம் ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன.

எந்த வழியானாலும் முதலில் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: கணினியின் வாசலை முழு இன்டர்நெட்டுக்கும் திறந்து வைப்பதா, தெரிந்த கருவிகளுக்கு மட்டும் ஒரு தனிப்பாதை போடுவதா? இதைச் சரியாகச் செய்துவிட்டால் மிச்ச வேலை பாதியாகக் குறைந்துவிடும். பிழைத்துப்போனால் எவ்வளவு நீளமான கடவுச்சொல் வைத்தாலும் நிம்மதி இல்லை.

3389ஐத் திறந்துவிட்டால் என்ன நடக்கும்

ரிமோட் டெஸ்க்டொப் 3389 என்ற போர்ட்டில், அதாவது கணினிக்குள் வரும் எண்ணிட்ட வாசலில், காத்திருக்கும். எஸ்எஸ்எச் 22இல், மக்கின் திரைப்பகிர்வு 5900இல். யூடியூபில் பார்த்துச் செய்பவர்கள் ரவுட்டருக்குள் போய் ‘போர்ட் ஃபோர்வேர்டிங்’ என்ற இடத்தில் 3389ஐக் கடைக் கணினிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அன்றைக்கே வேலை செய்யும். அதனால்தான் அது பலருக்குப் பிடித்த வழி.

‘எங்கட சின்னக் கடையை ஆர் தேடி வரப்போறான்?’ என்று கேட்பார்கள். ஒருவரும் தேடி வருவதில்லை. தேடவேண்டிய தேவையே இல்லை. இன்டர்நெட்டில் கருவிகளைக் குறிக்கும் ஐபிவி4 முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 430 கோடிதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு வேகமான இணைப்பிலிருந்து அத்தனை முகவரிகளிலும் ஒரு போர்ட் திறந்திருக்கிறதா என்று முக்கால் மணித்தியாலத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். இன்று இந்த வேலையை இரவு பகலாகச் செய்யும் நிரல்கள் ஏராளம். திறந்திருக்கும் கதவைக் கண்டதும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘யூசர்’, ‘அக்கவுன்ட்ஸ்’ போன்ற பெயர்களோடு கடவுச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும். ஒன்று பொருந்தினால் அடுத்த கட்டம் பெரும்பாலும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பதுதான்.

கடவுச்சொல் வலுவாக இருந்தாலும் தப்ப முடியாத நாட்களும் வந்திருக்கின்றன. 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ஓட்டை, விண்டோஸ் 7 போன்ற பழைய பதிப்புகளின் ரிமோட் டெஸ்க்டொப்பில் கடவுச்சொல்லே இல்லாமல் நுழைய வழிவிட்டது. எவ்வளவோ முன்பு கைவிட்ட எக்ஸ்பிக்கும்கூட மைக்ரோசொஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது. போர்ட் எண்ணை 3389இலிருந்து 33890க்கு மாற்றினால் தட்டுபவர்களின் எண்ணிக்கை குறையும், பதிவேட்டில் இரைச்சல் குறையும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். அதைப் பாதுகாப்பு என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

4ஜி ரவுட்டர் பாவிப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து இணைப்பு வராது. ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் ‘வான் ஐபி’ (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்பதைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ அது உங்களுக்கென்று தந்த முகவரி அல்ல. நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதற்கு வெளியே இருக்கும் நிறுவனத்தின் ரவுட்டர் விடாது. இதை ஒரு குறையாகப் பார்க்காமல் விடலாம், ஏனென்றால் நாம் செய்யப்போவதற்கு வெளிப்பக்கத்தில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை.

தனிப்பாதை

டெயில்ஸ்கேல், ஸீரோடயர் போன்றவை ஒரே கணக்கில் சேர்த்த கருவிகளுக்கிடையில் மறையாக்கம் செய்த பாதையைப் போடுகின்றன. டெயில்ஸ்கேலின் அடியில் ஓடுவது வயர்கார்ட் என்ற மறையாக்கப் பாதை முறை. மூன்று கணினிகளிலும், தூரத்திலிருப்பவர்களின் லப்டொப்பிலும் போனிலும் அதை நிறுவி உள்நுழைந்தால், ஒவ்வொன்றுக்கும் 100 என்று தொடங்கும் ஓர் உள்முகவரி கிடைக்கும். ஏறாவூரில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டொப்பில் அந்த முகவரியை அடித்தால் போதும். இரு பக்கமும் வெளியே நோக்கித்தான் இணைப்பை எடுக்கின்றன என்பதால் 4ஜி தடை இங்கே பெரிதாகப் படாது. நேரடியாகச் சந்திக்க முடியாத இடத்தில் நடுச் சேர்வர் வழியாகப் போகும். அப்போது திரை கொஞ்சம் இழுபடும், அவ்வளவுதான்.

இங்கே வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் சில.

விண்டோஸில் ஆள் லொக் அவுட் ஆனால் டெயில்ஸ்கேலும் நின்றுவிடும். இரவில் கரண்ட் போய் வந்து கணினி தானாக எழும்பி லொகின் திரையில் நின்றால், டோஹாவிலிருந்து அதைக் காணவே முடியாது. அதன் மெனுவில் ‘ரன் அனட்டெண்டட்’ என்ற தெரிவை இயக்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு கருவியும் தன்னை நிரூபிக்கும் திறப்பு (கீ) வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் நன்றாக ஓடியது ஒரு காலையில் திடீரென்று விழுந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடையிலேயே நிற்கும் கணினிகளுக்கு மட்டும் நிர்வாகப் பக்கத்தில் காலாவதியை நிறுத்தி வையுங்கள். லப்டொப்பும் போனும் தொலையக்கூடியவை. அவற்றுக்கு அது ஓடட்டும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. இந்த வலையமைப்புக்குள் நுழைவது பெரும்பாலும் ஒரு கூகுள் அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கின் மூலம். ஆகவே அந்த மின்னஞ்சல் கணக்கு பறிபோனால் கடையே பறிபோகும். இரட்டைச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள், ஆனால் எஸ்எம்எஸ்ஸை நம்பிப் போடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போனவரின் இலங்கை சிம் ரோமிங் இல்லாமல் மேசை லாச்சிக்குள் கிடக்கும். தேவையான நேரத்தில் இலக்கம் வந்து சேராது. போனில் ஓடும் ஒத்தென்டிகேட்டர் செயலியைப் பாவியுங்கள். அது தரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, வங்கிப் புத்தகம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

வேறு நிறுவனத்தை நம்ப விருப்பமில்லாதவர்கள் வயர்கார்ட்டை நேரடியாக நிறுவலாம். வழக்கமாக அது யூடிபி போர்ட் 51820இல் இருக்கும். சரியான திறப்பு இல்லாத தட்டலுக்குப் பதிலே சொல்லாது என்பதால், துழாவுபவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு பக்கத்திலாவது உண்மையான பொது முகவரி வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது இரண்டாம் ஆண்டு வேலை.

விண்டோஸ்

ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குப் போகலாம். ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டொப்பால் வரமுடியாது. அதற்கு ப்ரோ வேண்டும். ஹோமை ஏமாற்றித் திறக்கும் இலவசப் பொதிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு அப்டேட்டிலும் உடைவது அவற்றின் வழக்கம், யாரோ தெரியாதவர் தொகுத்ததைக் கணினியின் அடியில் வைப்பது அதைவிடப் பெரிய சிக்கல். ஹோம் என்றால் ரஸ்ட்டெஸ்க் அல்லது குரோம் ரிமோட் டெஸ்க்டொப் போதும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டொப் என்று போய் அதை இயக்குங்கள். ‘நெட்வேர்க் லெவல் ஒத்தென்டிகேஷன்’ இயங்கியபடியே இருக்கட்டும். அது இருந்தால், ஆள் யாரென்று நிரூபித்த பிறகுதான் லொகின் திரையே உருவாகும். கணக்குப் பார்ப்பவருக்கு முதலாளியின் பெயரைக் கொடுக்காமல், நிர்வாக உரிமை இல்லாத தனிப் பாவனையாளர் கணக்கு ஒன்றைத் திறந்து, ‘ரிமோட் டெஸ்க்டொப் யூசர்ஸ்’ பட்டியலில் சேருங்கள்.

கடவுச்சொல் சரியாகவே இருக்கும், ஆனால் ஏற்காது என்ற முறைப்பாடு அடிக்கடி வரும். காரணம் பெரும்பாலும் ‘பின்’ (PIN) இலக்கம். திரைக்கு முன்னாலிருந்து நான்கு இலக்கப் பின்னோடு உள்நுழையலாம். தூரத்திலிருந்து அது எடுபடாது, முழுக் கடவுச்சொல்தான் வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கை ‘பின்’ இலக்கத்தால் மட்டுமே பாவித்து வந்த கணினிக்கு அந்தக் கடவுச்சொல்லே தெரியாமல் இருக்கும். சைன் இன் ஒப்ஷன்ஸில் ‘விண்டோஸ் ஹலோ மட்டும்’ என்ற தெரிவை அணைத்து, கடைக்குப் போய் ஒரு தடவை கடவுச்சொல்லால் உள்நுழைந்துவிட்டால் சரியாகிவிடும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் தூரத்திலிருந்து ஏற்காது. அது நல்லதற்குத்தான்.

அடுத்து, உள்ளே வருவதை வடிகட்டும் ஃபயர்வோல். ‘ரிமோட் டெஸ்க்டொப் - யூசர் மோட்’ என்று, தரவு போகும் இரு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று என இரண்டு உள்வரும் விதிகள் இருக்கும். இரண்டையும் திறந்து, ‘ஸ்கோப்’ பக்கத்தில், தூர முகவரி என்ற பெட்டியில் 100.64.0.0/10 என்று இடுங்கள். டெயில்ஸ்கேலின் முகவரிகள் இந்த எல்லைக்குள் இருக்கின்றன. இனிக் கடையின் வைஃபை கடவுச்சொல்லை வாங்கிய வாடிக்கையாளரின் போனிலிருந்துகூட இந்தக் கதவு தெரியாது. பலர் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள்.

மக்

சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், ஷெயாரிங். எஸ்எஸ்எச்சுக்கு ‘ரிமோட் லொகின்’, திரைக்கு ‘ஸ்கிரீன் ஷெயாரிங்’. இரண்டிலும் ‘எல்லாப் பாவனையாளர்களும்’ என்பதை விட்டு, பெயர் குறித்த ஆட்களை மட்டும் சேருங்கள். விஎன்சி என்ற பொதுவான திரைப்பகிர்வு முறையின் பார்வைச் செயலிகளுக்கென்று தனிக் கடவுச்சொல் வைக்கும் தெரிவு ஒன்று உள்ளே இருக்கும்; அதைத் தொடாதீர்கள். பழைய விஎன்சி முறை கடவுச்சொல்லின் முதல் 8 எழுத்துகளுக்கு மேல் பார்ப்பதில்லை.

மக்கிலிருந்து மக்குக்குப் போவது சுலபம். களுவாஞ்சிகுடியில் இருப்பது விண்டோஸ் லப்டொப் என்றால் ரஸ்ட்டெஸ்க்கைத் தனிப்பாதைக்குள் ஓடவிடுவது தொல்லை குறைந்த வழி. மக் அதற்கு ‘ஸ்கிரீன் ரெக்கோர்டிங்’, ‘அக்சஸிபிலிட்டி’ என்ற இரண்டு அனுமதிகளைக் கேட்கும். முதலாவது இல்லாவிட்டால் வோல்பேப்பர் மட்டும் தெரியும், ஜன்னல்கள் தெரியாது. இரண்டாவது இல்லாவிட்டால் எல்லாம் தெரியும், ஒன்றையும் கிளிக் செய்ய முடியாது. இரண்டையும் மக்கின் முன்னால் இருந்துதான் கொடுக்க வேண்டும். ஊருக்குப் புறப்படுமுன் செய்துவிடுங்கள். மறுபக்கம், மக்கிலிருந்து விண்டோஸுக்குப் போக மைக்ரோசொஃப்டின் ‘விண்டோஸ் ஆப்’ போதும்.

லினக்ஸ், கூடவே எஸ்எஸ்எச் திறப்பு

எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லையே கைவிட்டுவிடலாம். உங்கள் லப்டொப்பில் ஒரு சோடித் திறப்பு உருவாக்குவீர்கள். பொதுத் திறப்பு என்பது யாருக்கும் கொடுக்கக்கூடிய ஆமைப்பூட்டு மாதிரி. கடை லினக்ஸில் அதை மாட்டிவிடலாம். அதைத் திறக்கும் தனித் திறப்பு லப்டொப்பை விட்டு வெளியே போகாது. அதை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி யாராவது கேட்டால், அவருக்கு இது விளங்கவில்லை அல்லது நன்றாகவே விளங்கியிருக்கிறது.

எஸ்எஸ்எச்-கீஜென் என்ற கட்டளையில் வகையாக இடி25519ஐத் தெரிவு செய்யுங்கள். 2014 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருப்பது, குறுகியது, வேகமானது. திறப்புக்கு ஒரு பாஸ்ஃபிரேஸ் (திறப்பையே பூட்டும் கடவுச்சொல்) வையுங்கள். லப்டொப் களவு போனால் அதுதான் காக்கும். எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி என்ற கட்டளை பொதுத் திறப்பைக் கடை இயந்திரத்தில் ‘ஒத்தரைஸ்ட் கீஸ்’ என்ற கோப்பில் சேர்க்கும். கையால் சேர்த்தால் அந்தக் கோப்பின் அனுமதி 600 ஆகவும் அது இருக்கும் மறைகோப்புறையின் அனுமதி 700 ஆகவும் இருக்க வேண்டும். வேறு ஆட்கள் எழுதக்கூடியபடி இருந்தால் சேர்வர் திறப்பைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மறுபடி கடவுச்சொல் கேட்கும். காரணம் உங்கள் திரையில் தெரியாது, சேர்வரின் பதிவேட்டில்தான் இருக்கும்.

திறப்பால் நுழைய முடிகிறது என்று உறுதியான பிறகு மட்டும், சேர்வரின் அமைப்புக் கோப்பில் ‘பாஸ்வேர்ட் ஒத்தென்டிகேஷன்’, ‘பெர்மிட் ரூட் லொகின்’ (ரூட் என்பது முழு அதிகாரமுள்ள கணக்கு) இரண்டையும் ‘நோ’ ஆக்குங்கள். உபுண்டு சேர்வரில் இங்கே ஒரு பொறி உண்டு. பிரதான கோப்பு தொடங்குமிடத்திலேயே துணைக் கோப்புறை ஒன்றை உள்ளே இழுக்கிறது. அதில் 50 என்று தொடங்கும், நிறுவும்போது தானாக உருவாகும் கிளவுட்-இனிட் கோப்பு, கடவுச்சொல்லை அனுமதித்து ‘யெஸ்’ என்று வைத்திருக்கலாம். எஸ்எஸ்எச் முதலில் கண்டதையே எடுக்கும் என்பதால் நீங்கள் கீழே எழுதிய ‘நோ’ எடுபடாது. எஸ்எஸ்எச்டி கட்டளையைப் பெரிய டீ தெரிவோடு ஓட்டினால் உண்மையில் எது நடைமுறையில் இருக்கிறதென்று காட்டும். சின்ன டீ எழுத்துப்பிழையைச் சோதிக்கும். சேவையை மறுபடி தொடங்கும்போது திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இரண்டாவது ஜன்னலில் புதிதாக நுழைந்து பாருங்கள். முடியாவிட்டால் பழைய ஜன்னலில் திருத்தலாம். இல்லையென்றால் பஸ் ஏறிக் கல்லடிக்கு வரவேண்டியதுதான். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வோலிலும் இதே ஒழுங்கு: முதலில் எஸ்எஸ்எச்சை அனுமதி, பிறகு இயக்கு.

விண்டோஸிலும் எஸ்எஸ்எச் சேர்வரை மேலதிக அம்சமாக நிறுவலாம். நிர்வாகி உரிமையுள்ள பாவனையாளரின் திறப்பை அவருடைய சொந்தக் கோப்புறையில் போட்டால் விண்டோஸ் பார்க்காது. புரோகிராம்டேட்டாவுக்குள் எஸ்எஸ்எச் கோப்புறையில், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்று தொடங்கும் தனிக் கோப்பில்தான் தேடும். ஒரு முழுப் பின்னேரத்தையும் தின்னக்கூடிய விஷயம் இது.

முதல் தடவை இணையும்போது எஸ்எஸ்எச் ஒரு கைரேகை வரியைக் காட்டி ‘இது சரிதானா’ என்று கேட்கும். அநேகர் பார்க்காமலே ‘யெஸ்’ அடிப்பார்கள். கடையிலிருக்கும்போதே அந்த வரியைப் படமெடுத்து வைத்தால் ஒப்பிட அரை நிமிடம்தான். பின்னொரு நாள் கைரேகை மாறிவிட்டதென்று பெரிய எச்சரிக்கை வந்தால், லினக்ஸை யாராவது புதிதாக ஏற்றினார்களா என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

கரண்டும் மழையும்

பாதுகாப்பு என்றால் உரியவர் உள்ளே வரமுடிவதும் சேர்த்துத்தான். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு நாடு முழுவதும் கரண்டை நிறுத்தியது. மட்டக்களப்பில் மழைக் காலத்தில் அதற்குக் குரங்குகூடத் தேவையில்லை. கணினி எழும்பும்போதே ஓடும் பயோஸ் அமைப்பில் ‘ஏசி பவர் லொஸ்’ என்பதற்குக் கீழ் ‘பவர் ஒன்’ தெரிவு செய்தால் கரண்ட் வந்ததும் தானாக எழும்பும். தூக்கத்துக்குப் போகாதபடி ஸ்லீப்பை அணையுங்கள், திரை மட்டும் அணையட்டும். யூபிஎஸ்ஸில் ரவுட்டரையும் சேர்த்து மாட்டுங்கள். வட்டை மறையாக்கம் செய்யும் ஃபைல்வோல்ட் போட்ட மக் எழும்பினாலும் வட்டைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டு நிற்கும். அதுவரை டெயில்ஸ்கேலும் திரைப்பகிர்வும் ஓடாது. கடையில் காலையில் திறக்கும் ஆள் ஒருவருக்கு அதைச் சொல்லி வைக்கத்தான் வேண்டும்.

எனிடெஸ்க் போடச் சொல்லி வரும் அழைப்பு

வங்கியிலிருந்து, பார்சல் கம்பனியிலிருந்து என்று பேசி, செயலியை நிறுவி திரையில் தெரியும் இலக்கத்தைச் சொல்லக் கேட்பார்கள். சொன்னபின் உங்கள் வங்கிச் செயலியும் ஓடிபியும் அவர் கண்முன்னே. எந்த வங்கியும் உங்கள் திரையைக் கேட்காது. உங்களுக்குத் தெரிந்த ஆள் உதவிக்கு வரும்போது மட்டும் இப்படிப்பட்ட செயலியைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடுங்கள். ஆளில்லாத நேரத்திலும் நுழையவென்று நிரந்தரக் கடவுச்சொல் வைத்திருந்தால், அது வேறெங்கும் பாவிக்காத நீண்ட ஒன்றாக இருக்கட்டும்.

யார் வந்துபோனார்கள்

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், செக்யூரிட்டி பதிவேட்டில் 4625 என்பது தோல்வியடைந்த உள்நுழைவு, 4624 வெற்றி. ரிமோட் டெஸ்க்டொப்பில் வந்தவருக்கு லொகொன் வகை 10 என்று இருக்கும். நெட்வேர்க் லெவல் ஒத்தென்டிகேஷன் இருக்கும்போது தோல்விகள் வகை 3ஆகப் பதியும், அதனால் 10ஐ மட்டும் தேடினால் தட்டியவர்கள் தெரியமாட்டார்கள். தனிப்பாதை போட்ட பிறகும் 4625 நூற்றுக்கணக்கில் குவிந்தால், பழைய போர்ட் ஃபோர்வேர்டிங்கை ரவுட்டரில் அழிக்க மறந்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். லினக்ஸில் ‘லாஸ்ட்’ என்ற கட்டளை யார் எங்கிருந்து எப்போது வந்தார்கள் என்று வரிசையாகச் சொல்லும். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாடு செய்யப் போகும்போது இந்தப் பதிவுகள் கையில் வேண்டும், ஆகவே பயத்தில் கணினியை உடனே ஃபோர்மட் செய்துவிடாதீர்கள். இணைப்பைக் கழற்றிவிட்டு முதலில் பதிவுகளைப் பிரதி எடுங்கள்.

ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே மூன்று இடத்தில் கை வைக்க வேண்டும்: தனிப்பாதையின் நிர்வாகப் பக்கத்தில் அவருடைய கருவி, விண்டோஸிலும் மக்கிலும் அவருடைய கணக்கு, லினக்ஸின் ‘ஒத்தரைஸ்ட் கீஸ்’ கோப்பில் அவருடைய வரி. எது அவருடைய வரி என்று தெரிய, திறப்பைச் சேர்க்கும் நாளிலேயே அதன் கடைசியில் ஆளின் பெயரையும் கருவியையும் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் எல்லாம் ஒரே மாதிரி நீண்ட எழுத்துக் குவியலாகத்தான் இருக்கும். ஒருவரை நீக்க எல்லாரையும் நீக்கிப் புதிதாகச் சேர்க்க வேண்டி வரும்.